அடிமாடும் அரை ஏக்கரும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாடு வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில். மூன்று தலைமுறையாகக் கட்டுத்தறி காலியாக இருந்ததில்லை. மாடு வளர்த்துக் கடைசியில் கறிக்கு விற்பதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கேள்விகள் வரிசையாக வரும். வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் பூமி சூடாவதைப் பற்றிக் கேட்பார்கள். சந்தைக்கு வருகிறவர்கள் விலையைக் கேட்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் பாவ புண்ணியம் கேட்பார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கறிக்கென்றே மாடு வளர்க்கிறவர்கள் நம் பக்கம் இருக்கிறார்களா?

வெளிநாடுகளில் செய்வதுபோல் ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்து, மக்காச்சோளமும் சோயாவும் கொட்டி, ஒன்றரை இரண்டு வருஷத்தில் கொழுக்க வைத்து அனுப்பும் வளர்ப்பு இங்கே கிடையாது. நம் மாடு முதலில் ஏர் இழுக்கும், வண்டி இழுக்கும். பசுவானால் கன்று போடும், பால் கறக்கும். எதுவானாலும் தினமும் சாணம் போடும். எருது உழைத்து ஓய்ந்து, இனி நுகத்தடி தாங்காது என்று ஆன பிறகுதான் அதற்கு அடிமாடு என்று பெயர் வருகிறது. கறி என்பது அந்த மாட்டின் கடைசி மகசூல். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள். மாட்டுக்கறியைப் பற்றிப் புத்தகத்தில் வரும் கணக்குகள் பலவும் அந்த இரண்டு வருஷ மாட்டை வைத்துப் போட்டவை. நம் கொட்டகையில் நிற்பது பத்து வருஷ மாடு.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாடோ எருமையோ, பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று ஆகியிருக்க வேண்டும். அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். அதற்குச் சான்று இருந்தால்தான் அறுக்கலாம். 1976ஆம் ஆண்டு அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுப்பதற்குத் தடை போட்டது. ஆகவே இளங்காளையைக் கறிக்காகவே வளர்த்து விற்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், முடியாது என்பதுதான்.

2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் கறிக்காக மாடு விற்கவே கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை நிறுத்தி வைத்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்த நிறுத்திவைப்பை நாடு முழுக்க நீட்டித்தது. அந்த இடைப்பட்ட நாட்களில் கிழட்டு எருதை வைத்திருந்தவர்கள் பட்ட தவிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாங்க ஆளில்லை. தீனியோ நிற்காமல் ஆகிக்கொண்டிருந்தது.

மாடு விடும் ஏப்பத்தாலும் பூமி சூடாகிறது என்கிறார்களே?

பொய்யில்லை. அசைபோடும் பிராணிகளின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியே வருகிறது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன், கரியமில வாயுவைவிடச் சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். மாடு வளர்க்கிறவன் இதை மறைத்துப் பேசக்கூடாது.

ஆனால் இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, அந்த மீத்தேன் காற்றில் சுமார் 12 வருஷம்தான் நிற்கும். பிறகு கரியமில வாயுவாகி, மறுபடி புல்லுக்குள் போய்விடும். பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருஷம் கிடந்த நிலக்கரியை எடுத்து எரிப்பதும் இதுவும் ஒன்றல்ல. ஊரில் மாட்டின் எண்ணிக்கை ஏறாமல் இருந்தால் காற்றில் நிற்கும் மாட்டு மீத்தேனும் பெரிதாக ஏறாது. எண்ணிக்கை ஏறினால் ஏறும். அதனால் மாட்டைப் பெருக்கிக்கொண்டே போவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது, மாடு எதைத் தின்கிறது என்பது. உலக உணவு வேளாண் அமைப்பின் ஆய்வாளர்கள் 2017இல் போட்ட கணக்குப்படி, உலகக் கால்நடைகள் தின்னும் தீனியில் 86 சதவீதம் மனிதர் தின்ன முடியாதது. நம் மாவட்டங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேழ்வரகுத் தாள், சோளத்தட்டு, நிலக்கடலைக் கொடி, அவரைக் கொடி, கொள்ளுப் பொட்டு, வரப்புப் புல். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ்த் தொழிற்சாலை ஓடும் மாதங்களில் தோலும் கழிவும்கூட மாட்டுக்குத்தான் போகிறது. இதையெல்லாம் வயலிலேயே கொளுத்தினால் புகை, குவித்து அழுக விட்டால் நாற்றம். மாட்டின் வயிற்றில் போனால் உழைப்பு, பால், எரு, கடைசியில் கறி.

தீனியைச் சரியாகக் கொடுத்தால் ஏப்பமும் குறையும். வெறும் காய்ந்த தாளை மட்டும் தின்னும் மாடு, தனக்குக் கிடைக்கும் சத்துக்கு அதிக மீத்தேனை விடுகிறது. கொஞ்சம் பசுந்தீவனம், கொஞ்சம் புண்ணாக்கு, தாது உப்பு, அகத்தித் தழையோ சூபாபுல் மரத் தழையோ ஒரு கை சேர்த்தால் அதே மாடு நன்றாகத் தேறும்.

ஒரு கிலோ மாட்டுக்கறிக்கு 15,000 லிட்டர் தண்ணீர் ஆகிறதாமே?

அந்தக் கணக்கு உலகச் சராசரி. அதில் 90 சதவீதத்துக்கு மேல் புல்லின் மேலும் பயிரின் மேலும் பெய்த மழை. மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மழை அஞ்செட்டிக் காட்டில் பெய்யத்தான் போகிறது.

நான் கவலைப்படுவது வேறு தண்ணீரைப் பற்றி. நம் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போகும் ஆழம் உங்களுக்குத் தெரியும். அடியில் கிடைக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு, பிள்ளைகளின் பல்லில் கறை. அப்படிப்பட்ட தண்ணீரை மோட்டார் போட்டு எடுத்து, ஏக்கர் கணக்கில் நேப்பியர் புல் வளர்த்து, பத்துப் பதினைந்து கலப்பின மாடு கட்டுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. மழைக்குச் சோளம் விதையுங்கள், அறுத்துப் போர் போட்டு வையுங்கள். கொழுக்கட்டைப் புல்லை வரப்பில் விடுங்கள். மானாவாரி எவ்வளவு தாங்குமோ அவ்வளவு மாடு போதும்.

சாணம் ஒன்றுக்காகவே மாடு வைத்திருக்கலாம் என்று எங்கள் தாத்தா சொல்வார். சரியா?

நூற்றுக்கு நூறு சரி. வளர்ந்த நாட்டு மாடு ஒன்று நாளைக்குப் பத்து கிலோ சாணம் போடும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3,650 கிலோ. பத்து வருஷம் நம்மோடு இருந்தால் 36 டன்னுக்கு மேல். மட்கும்போது எடை பாதியாகும். நல்ல தொழு உரம் ஒரு டன்னில் தழைச்சத்து மட்டும் சுமார் 5 கிலோ இருக்கும், அதாவது பதினோரு கிலோ யூரியாவில் இருப்பது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் கேழ்வரகுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் போடச் சொல்கிறது. ஏக்கருக்கு ஐந்து டன். இரண்டு மாடு இருந்தால் அரை ஏக்கருக்கு மேல் வெளியில் வாங்காமல் போடலாம்.

சத்துக்கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மண் மாறுவது. எங்கள் செம்மண் காட்டில் ஒரு துண்டு நிலம் வருஷக்கணக்காக உரமூட்டை மட்டுமே பார்த்தது. மழை பெய்தால் மேலே தகடுபோல் இறுகி, தண்ணீர் ஓடிப்போகும். அதில் மூன்று வருஷம் தொடர்ந்து பட்டி போட்டோம். பட்டி என்றால், அறுவடை முடிந்த நிலத்தில் தட்டி கட்டி இரவு முழுக்க மாட்டை அடைத்து வைப்பது. ஒரு வாரத்துக்கு ஓர் இடம், பிறகு தட்டியைப் பிடுங்கி அடுத்த இடம். சாணமும் மூத்திரமும் நேராக நிலத்தில் விழும். சுமக்கும் கூலி கிடையாது.

நான்காவது வருஷம் ஆடியில் நடந்ததை இன்றும் மறக்கவில்லை. முதல் மழைக்கு மறுநாள் காலை, காய்ந்த சாண வறட்டி ஒன்றைக் காலால் புரட்டினேன். அடியில் மண் ஈரமாக, பொலபொலவென்று இருந்தது. விரல் நுழையும் அளவு ஓட்டைகள். ஓட்டைக்குள் சாண வண்டு, கறுப்பாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, ஒரு சிறு உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போனது. பக்கத்தில் மண்புழு ஒன்று நெளிந்தது. சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோவது இந்த வண்டுதான். அது போட்ட ஓட்டை வழியாகத்தான் அந்த மழை இறங்கியிருக்கிறது. ஏர் ஓட்டும்போது கொழு இறுகாமல் போனதை என் கையே உணர்ந்தது.

குப்பைக்குழியை வெயிலிலும் மழையிலும் திறந்து போட்டிருந்தால் பாதிச் சத்து போய்விடும். மேலே ஓலைக் கூரை, அல்லது ஒரு வேப்ப மர நிழல். மாட்டு மூத்திரத்தை ஓடவிடாமல், கொட்டகையில் தாளைப் பரப்பி ஊறவைத்து, அதையும் குழியில் போட வேண்டும். இதைச் செய்கிற வீடுகள் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சாண எரிவாயுக் கலன் வைத்தால் கட்டுப்படி ஆகுமா?

நான்கைந்து மாடு இருந்தால் ஆகும். 25 கிலோ சாணத்துக்குச் சுமார் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். இரண்டு கன மீட்டர் கலனுக்கு நாளைக்கு 50 கிலோ சாணம் வேண்டும். அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 கிராம் சமையல் வாயு எரிப்பதற்குச் சமம். பதினாறு நாளில் ஒரு சிலிண்டர். வாயு போன பிறகும் கழிவுநீரில் உரச்சத்து அப்படியே இருக்கும். ஒன்றிரண்டு மாடுதான் என்றால் கலன் வேண்டாம், எருக்குழியே போதும்.

காட்டில் மேய்க்கக்கூடாது என்கிறார்களே. மேய்ச்சல் காட்டுக்கு நல்லதா கெட்டதா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள்.

2014இல் தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டருக்குக் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடு முழுவதும் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, அதே மாதத்தில் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. யானை, காட்டெருமை போகும் வழியில் ஆயிரம் மாடு நுழைந்தால் அவற்றின் புல் போகும், கோமாரி போன்ற நோயும் போய்ச் சேரும். அது உண்மை. சிறுத்தை மாட்டைப் பிடிக்கும், பிறகு ஊர்க்காரன் சிறுத்தை மேல் கோபப்படுவான். அதுவும் உண்மை.

அதே சமயம், மாடு புல்லைத் தின்ற இடத்தில் கோடையில் தீ பிடித்தாலும் உயரமாக எரியாது. பட்டி போட்ட இடத்தில் மண் வளமாகும். பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கம் காட்டோரத்தில் தலைமுறையாகப் பட்டி வைத்திருந்தவர்கள் எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் மேய்க்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஒரே இடத்தைத் தொடர்ந்து மேய்க்கமாட்டார்கள். அந்த அறிவு மேய்ச்சலோடு சேர்ந்தே போய்விடும்.

காட்டைவிட நான் கேட்க நினைப்பது ஊர் மேய்க்கால் புறம்போக்கைத்தான். ஒவ்வொரு ஊரிலும் மந்தைவெளி என்று ஒன்று இருந்தது. கட்டடமாகவும் ஆக்கிரமிப்பாகவும் அது சுருங்கிய பிறகுதான் மாடு காட்டுக்குள் ஆழமாகப் போனது. மிச்சம் இருக்கும் மேய்க்காலில் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன. உண்ணிச்செடி மாட்டுக்கு விஷம். அதை வெட்டி, மழைக்கு முன் புல் விதை தூவி, இரண்டு மாதம் மாடு விடாமல் அடைத்து வைத்தாலே மேய்க்கால் திரும்பி வரும். கிராம சபையில் கேளுங்கள். ஊரக வேலைத் திட்டத்தில் நிலத்தைத் திருத்த முடியுமா என்றும் கேளுங்கள்.

எந்த இனம் வளர்க்கலாம்?

தருமபுரிக்கு ஆலாம்பாடி. ஒகேனக்கல் பக்கக் காவிரிக்கரை ஊரின் பெயரில் வந்த இனம். கருஞ்சாம்பல் நிறம், ஒடிசலான உடம்பு, கல்லில் நடக்கும் குளம்பு. காய்ந்த புல்லைத் தின்று உழைக்கும். பால் கன்றுக்குப் போக வீட்டுக்குக் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். காரிமங்கலத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆலாம்பாடி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஹள்ளிக்காரும் உண்டு.

இந்த இனங்கள் ஏன் குறைந்தன என்று பலரும் கேட்கிறார்கள். டிராக்டர் வந்தது முதல் காரணம். காளைக்கன்றுக்கு விலையே இல்லாமல் போனது இரண்டாவது. உழவு இல்லை, கடைசியில் விற்கவும் வழியில்லை என்றால் நாட்டுப்பசு போடும் காளைக்கன்றை யார் தீனி போட்டு வளர்ப்பார்கள்? கடைசி விலை இருந்தால்தான் முதல் கன்று பிழைக்கும். எருது விடும் விழாவுக்காகக் காளை வளர்க்கும் கிருஷ்ணகிரி இளைஞர்கள் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறார்கள். அது மட்டும் போதாது.

பர்கூர் மாடு நம் கிருஷ்ணகிரிப் பர்கூர்தானே?

இல்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே இருக்கும் பர்கூர் மலை. பெயர்தான் ஒன்று.

உழைத்த மாட்டை அடிமாடாக விற்பது பாவமில்லையா?

எங்கள் அம்மா ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறாள். மூக்கணாங்கயிற்றை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, நெற்றியில் மஞ்சள் வைத்து, முதுகைத் தடவிவிட்டுத்தான் அனுப்புவாள். அந்தக் கயிறு வீட்டு இறவாணத்தில் தொங்கும். அடுத்த கன்றுக்குப் புதுக்கயிறுதான்.

ஆனால் விற்காமல் விட்ட மாடுகளையும் பார்த்திருக்கிறேன். தீனி போட வக்கில்லாமல் அவிழ்த்துவிட்டவை நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டன. குப்பையில் பாலித்தீன் தின்று வயிறு உப்பிச் செத்தன. அது எனக்குப் பெரிய பாவமாகப் படுகிறது. விற்கும் மாட்டுக்கும் நாம் செய்ய வேண்டியது இருக்கிறது. தண்ணீர் காட்டி ஏற்றுவது, வண்டியில் நெருக்கி அடைக்காமல் பார்ப்பது, காலை ஒடித்து இழுக்கும் ஆளுக்கு விற்காமல் இருப்பது.

சாப்பிடுகிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டுக்கறி விலையில் பாதிகூட வராத விலையில் நல்ல புரதமும் இரும்புச்சத்தும் மாட்டுக்கறியில் கிடைக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேல் இரத்தசோகை. களிக்குக் கறிக்குழம்பு வைக்கும் வீட்டைத் தாழ்வாகப் பேசும் வாய் இன்னும் ஊரில் இருக்கிறது. மாட்டை வளர்த்து விற்றுக் காசு வாங்குவது கௌரவம், அதைச் சமைத்துச் சாப்பிடுவது கேவலம் என்றால் அது நியாயமே இல்லை.

மாடு விற்ற காசு ஊருக்குள் எப்படிச் சுற்றுகிறது?

காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தைக்கு விடிவதற்குள் போய் நில்லுங்கள். தரகர் முதலில் பல்லைப் பார்ப்பார். இரண்டு பல் என்றால் இரண்டு வயதைத் தாண்டியது. எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது என்பார்கள். தேய்ந்த பல்லும் கொம்பில் விழுந்த வளையமும் மிச்சக் கதையைச் சொல்லும். பிறகு துண்டுக்கு அடியில் இருவர் கையும் போகும். விரலைப் பிடிப்பதில்தான் விலை. பக்கத்தில் நிற்கும் உங்களுக்கே தெரியாது.

அந்தக் காசைப் பின்தொடர்ந்து போனால் பள்ளிக்கூட ஃபீஸ், மருத்துவச் செலவு, அடகில் கிடக்கும் தோடு, அடுத்த கன்று. நிலமில்லாதவர்களுக்கு வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, மாடு வளர்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கன்று ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது, விற்ற காசில் பாதிப் பாதி. நிலம் துளியும் இல்லாத ஒரு பெண் வரப்புப் புல்லை அறுத்துப் போட்டே சொந்த மாட்டுக்காரி ஆவது இந்த வழியில்தான். மாடு ஏற்றும் வண்டிக்காரர், லாடம் அடிப்பவர், கயிறு விற்பவர், எருவை லோடாக வாங்கி மாந்தோப்புக்குக் கொடுப்பவர் என்று இன்னும் பல வீட்டு அடுப்பு இதில் எரிகிறது. தோல் வாணியம்பாடி, ஆம்பூருக்குப் போகிறது. அங்கே தோல் பதனிட்ட கழிவு பாலாற்றைப் பாழாக்கியதையும், 1996இல் உச்சநீதிமன்றம் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னதையும் மறைக்க முடியாது. மாட்டினால் வரும் நன்மை, தோல் ஊறும் தொட்டியிலும் சுத்தமாக இருக்க வேண்டும்.

அடிமாட்டு விலை என்றால் அற்ப விலை என்று நம் பேச்சிலேயே ஆகிவிட்டது. ஒருமுறை என் எருதைத் தரகர் ஒருவர் எடை போடாமல் கண்ணளவில் விலை சொல்லி எடுத்தார். சந்தை வாசலில் அதே எருதைக் கணிசமாகக் கூட்டி விற்றதைப் பிறகுதான் அறிந்தேன். அன்றிலிருந்து மார்புச் சுற்றளவை நாடாவால் அளக்காமல் நான் விலை பேசுவதில்லை. மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் உயிர் எடை ஏறக்குறையக் கிலோவில் வரும்.

மாடு கொட்டகையிலேயே செத்துவிட்டால்?

ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நோயில் செத்ததைக் கறிக்குக் கொடுக்கவே கூடாது. வலிக்கு ஊசி போடும்போது டைக்ளோஃபினாக் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மருந்து ஏறிய மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இலட்சக்கணக்கில் செத்தன. 2006இல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் சேர்த்தார்கள். மெலாக்சிகாம் கேளுங்கள். தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் கழுகுகள் மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் பெருமளவு இருக்கின்றன.

அரை ஏக்கர் மானாவாரியும் ஒரு கொட்டகையும் இருக்கிறது. எத்தனை மாட்டில் தொடங்கலாம்?

இரண்டு. ஒரு நாட்டுப்பசு, ஒரு காளைக்கன்று. பொங்கல் முடிந்து தாள் போர் இருக்கும் நேரத்தில் வாங்காதீர்கள், எல்லோரும் அப்போதுதான் வாங்குவார்கள், விலை ஏறியிருக்கும். ஆனால் கோடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று தீனி இல்லாமலும் வாங்காதீர்கள். ஆடி மழைக்குப் புல் தலை காட்டியதும் வாங்குங்கள். வாங்கிய வாரமே குடற்புழு மருந்து. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகப் போடுகிறது, தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். அவசரத்துக்கு 1962க்குக் கூப்பிட்டால் கால்நடை மருத்துவ வண்டி வரும். கொட்டகை போடும் முன் எருக்குழிக்கு இடம் பாருங்கள். மாட்டுக்குப் பின்னால் சரிவு, சரிவின் முடிவில் குழி, குழிக்கு மேல் நிழல்.